சுவருக்கு என்ன நிறம்?

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார்' என்று சொல்லிவைத்த பெரியவர், 'கட்டிய வீட்டுக்கு வர்ணம் அடித்துப் பார்' என்பதையும் ஏன் சேர்க்காமல் விட்டார் என்று இந்தக் கோடை விடுமுறை முழுவதும் நாம் யோசித்து வந்தோம். காரணம் கடைசியில் புலப்பட்டுவிட்டது. அந்தப் பெரியவர் காலத்தில் நிறம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தொல்லையே கிடையாது. சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளை, அடியில் ஒரு முழ உயரத்துக்குக் காவி, ஆயிற்று. பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆள் வருவான். நசுக்கிய மட்டையை வாளியில் தோய்த்து இரண்டே நாளில் வீடு முழுவதையும் வெளுத்துவிட்டு, அரைப்படி அரிசியும் கூலியும் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். அபிப்பிராயம் சொல்ல யாருக்கும் இடமில்லை. ஆகவே யாருக்கும் அபிப்பிராயமும் இல்லை.

நமக்கு வாய்த்தது வேறு காலம். கும்பகோணத்தில் காவேரிக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் நமது பூர்விக வீட்டுக்கு வயது சுமார் தொண்ணூறு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், இரண்டாங்கட்டு, கிணற்றங்கரை என்று ரயில் வண்டிபோல் நீண்டு கொல்லையில் போய் முடிகிற வீடு. தாழ்வாரத்து ஓடுகளை மாற்றி, மின்சாரக் கம்பிகளைப் புதுப்பித்து, இடிந்த பூச்சைச் சரிசெய்த கையோடு வர்ணமும் அடித்துவிடலாம் என்று தீர்மானித்தோம்.

இங்கே ஒரு வார்த்தை. இந்தக் கட்டுரையில் 'நாம்' என்பது பத்திரிகை வழக்கப்படி ஓர் உபாத்தியாயரை மட்டுமே குறிக்கும். வீட்டில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு செல்வாக்குக் கிடையாது. நமது தாயார், மனைவி, கல்லூரியில் இரண்டாம் வருஷம் வாசிக்கும் புதல்வி ஆகிய மூவரும் சம்மதித்தால்தான் அங்கே 'நாம்' ஆகும். 1876-ஆம் வருஷம் வேல்ஸ் இளவரசர் வருகிறார் என்பதற்காக ஜெய்ப்பூர் நகரத்துக்கு இளஞ்சிவப்பு நிறம் பூசச் செய்தார் மகாராஜா ராம்சிங். மகாராஜா இருந்தால் இது ஒரு சௌகரியம். ஊர் முழுவதற்கும் ஒரே அபிப்பிராயம். நமது வீட்டில் நடப்பது குடியரசு.

மேஸ்திரி ஒரு நாள் காலையில் வர்ணப் புத்தகத்தைக் கொண்டுவந்து ஊஞ்சல் பலகையில் வைத்தார். புத்தகம் என்றால் புத்தகம் அல்ல; ஒரு முனையில் ஆணி அடித்த அட்டை விசிறி. விரித்தால் ஆயிரத்துக்கு மேற்பட்ட நிறங்கள். வெள்ளையில் மட்டும் அறுபது எழுபது இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷில் ஒரு பெயர். பெயரைப் படித்தால் நிறம் தெரியாது. காலைப் பனியாம், கடற்கரைக் கனவாம், மறந்துபோன தோட்டமாம்! நமது வகுப்பில் ஒரு பையன் காவி நிறத்துக்கு 'அஸ்தமனத்தின் பெருமூச்சு' என்று எழுதினால் அடிக்கோடிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

நமது சிறு வயதில் வர்ண டப்பா என்றால் தலைமயிர் நெற்றியில் விழ, கையில் தூரிகையும் வாளியுமாக ஒரு குறும்புப் பையன் நிற்பான். 1954-இல் ஆர். கே. லக்ஷ்மண் வரைந்த 'கட்டு' என்ற பையன் அவன். 1942-இல், யுத்தத்தினால் சீமை வர்ணங்கள் வருவது தடைப்பட்டிருந்த சமயத்தில், பம்பாயில் நான்கு நண்பர்கள் கூடி ஆரம்பித்த கம்பெனிக்கு அவன் சின்னம். அவன் காலத்தில் கடையில் இருபது முப்பது நிறங்கள்தாம் இருக்கும். எது இருக்கிறதோ அதை வாங்கினோம். இப்போது கடைக்காரர் வெள்ளைக் குழம்பு ஒரு டப்பா எடுத்து யந்திரத்தின் கீழே வைக்கிறார். எண்ணைத் தட்டுகிறார். யந்திரம் நாலு சொட்டு மஞ்சள், இரண்டு சொட்டுக் கறுப்பு, அரைச் சொட்டுச் சிவப்பு என்று மருந்து கலப்பதுபோல் விட்டுக் குலுக்கித் தருகிறது. எந்த நிறம் வேண்டுமானாலும் கிடைக்கும் என்று ஆனபிறகு, எந்த நிறம் வேண்டும் என்பதைத் தவிர வேறு கேள்வி இல்லை. அந்த ஒரு கேள்வி போதாதா?

நமது புதல்வி விசிறியை வாங்கி இரண்டு நிமிஷத்தில் முடிவு சொல்லிவிட்டாள். சுவர் முழுவதும் சாம்பல் கலந்த வெள்ளை, கதவு ஜன்னல்களும் அதே வெள்ளை, தரைக்கும் வெளிர் நிறத்தில் வழவழப்பான பளிங்கு ஓடு. "எல்லாம் ஒன்றாகக் கலந்து போகவேண்டும் அப்பா, அப்போதுதான் வீடு பெரிதாகத் தெரியும்" என்றாள். அவள் சொன்னது சாஸ்திர ரீதியில் சரியே. எல்லைகள் தெரியாவிட்டால் இடம் பெரிதாகத்தான் தோன்றும்.

நமது மனைவி விசிறியைத் தொடவே இல்லை. அலமாரியைத் திறந்து நாலைந்து பட்டுப்புடவைகளைக் கொண்டுவந்து ஊஞ்சலில் போட்டாள். "கூடத்துக்கு இது" என்றாள். மாம்பழ மஞ்சள்! தமிழில் நிறத்துக்குச் சொல் போதாது என்று யாராவது சொன்னால் அவர்களைக் காஞ்சீபுரத்துப் பட்டுக் கடை ஒன்றில் ஒரு மணி நேரம் உட்காரவைக்க வேண்டும். அரக்கு, மயில்கழுத்து, வெங்காயத்தோல், கத்தரிப்பூ, கிளிப்பச்சை, பாக்கு, சந்தனம், எம். எஸ். நீலம்! ஒவ்வொரு பெயரைச் சொன்னவுடன் நிறம் கண்முன் வந்து நிற்கிறது. பெருமூச்சும் கனவும் தேவைப்படவில்லை. இலக்கணத்தில் வேறு மாதிரி வேடிக்கை உண்டு. கறுப்பு, சிவப்பு என்ற சொற்கள் கோபத்தையும் குறிக்கும், நிறத்தையும் குறிக்கும் என்று தொல்காப்பியர் உரியியலில் சொல்லியிருக்கிறார். பச்சை என்பதோ வேகாததற்கும், ஆறாததற்கும், கொதிக்க வைக்காத தண்ணீருக்கும், பிறந்த குழந்தைக்கும், அப்பட்டமான பொய்க்கும்கூடப் பொருந்தும். இவற்றையெல்லாம் புதல்வியிடம் எடுத்துச் சொன்னோம். "அப்பா, விடுமுறை" என்றாள்.

நிற்க. நிறத்துக்கு முன்னால் தீர வேண்டிய விவகாரம் ஒன்று இருந்தது. மேஸ்திரி பழைய சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு, பட்டி பார்த்து, மேலே பிளாஸ்டிக் வர்ணம் அடிக்க வேண்டும் என்றார். "சுண்ணாம்பெல்லாம் இப்ப யாரு சார் அடிக்கிறாங்க? சாஞ்சா முதுகிலே ஒட்டும்" என்றார். ஒட்டும் என்பது உண்மைதான். ஆனால் நமது வீட்டுச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பியது, சிமென்டு அல்ல. அஸ்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. காவேரியில் தண்ணீர் வந்தால் அந்த ஈரம் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலச் சுவரில் இரண்டு முழம் ஏறும். மண்ணிலுள்ள உப்பையும் கூடவே தூக்கி வரும். சுவரின் மேல் சுண்ணாம்பு இருந்தால் ஈரம் அதன் வழியாக மூச்சுவிட்டு உலர்ந்து போகும். பிளாஸ்டிக் வர்ணம் இருந்தால் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, வர்ணத்தை அப்பளம்போல் உப்பவைத்துத் தள்ளும். எதிர்வீட்டில் இந்த அப்பளத்தை நேரில் பார்க்கலாம். அடித்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

சுண்ணாம்பின் கதை நமது வகுப்பில் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் சொல்லும் கதை. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் ஏறக்குறைய 900 டிகிரி வரை சுட்டால் அதிலுள்ள கரியமிலவாயு பிரிந்து போய்விடும். மிஞ்சிய நீற்றில் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொரிந்து நீறும். அதைக் கரைத்துச் சுவரில் பூசினால், இழந்த வாயுவைக் காற்றிலிருந்து சிறிது சிறிதாகத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிவிடும். அதாவது, வெள்ளையடிப்பதென்றால் சுவருக்கு மிக மெல்லிய கல் போர்வை போர்த்துவது. அந்தச் சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சக்காளான் பிழைப்பது கஷ்டம்.

அதே காரம் நிறங்களிலும் பொறுக்கி எடுத்துக்கொள்ளும். பிரஷ்ய நீலம் என்று ஒரு நீலம் உண்டு. சுண்ணாம்பில் போட்டால் கெட்டுப் பழுப்பாகிவிடும். காவிக்கல், மஞ்சள் மண் போன்ற இரும்புச் சத்துள்ள மண்களும், அல்ட்ராமரீன் என்கிற நீலமும் தாக்குப் பிடிக்கும். அந்த நீலத்தை ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்து பதக்ஷான் மலையில் வெட்டிய ஒரு கல்லைப் பொடித்துத்தான் எடுத்தார்கள். ஓவியர்களுக்கு அது பொன் மாதிரி. செயற்கையாகச் செய்து காட்டுகிறவருக்கு 6,000 பிராங்க் பரிசு என்று பாரிஸில் அறிவித்து, 1828-இல் கிமே என்ற ரசாயனி அதைப் பெற்றார். அதற்குப் பிறகு அது சலவைக்காரர் கையிலும் வந்துவிட்டது. சுண்ணாம்பு வாளியில் ஒரு சிட்டிகை போட்டால் மஞ்சளோட்டம் மறைந்து வெள்ளை பளிச்சென்று தெரிவது இதனால்தான். நமது முன்னோர் வீடுகளெல்லாம் வெள்ளையும் காவியும் மஞ்சளும் வெளிர்நீலமுமாகவே இருந்தது ரசனையினால் மட்டும் அல்ல. சுண்ணாம்பு சம்மதித்த நிறங்கள் அவைதாம்.

ஆகவே கீழ்க்கட்டு முழுவதற்கும் சுண்ணாம்பு, சமையலறைக்கும் மாடிக்கும் பிளாஸ்டிக் வர்ணம் என்று மேஸ்திரியுடன் உடன்படிக்கை ஏற்பட்டது. நிறம் என்னவோ தீரவில்லை.

தீராமல் நின்றதற்கு வேறு காரணம் இருந்தது. சென்ற தை மாதத்தில் நமது தாயார் முற்றத்துப் படியில் கால் தவறி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டார். வயது எழுபத்தொன்பது. அந்தப் படியில் அறுபது வருஷமாக ஏறி இறங்கியவர். கட்டுப் பிரித்தபின் கண் வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். புரை ஐந்து வருஷத்துக்கு முன்பே எடுத்தாகிவிட்டது. அப்போது கட்டு அவிழ்த்த மறுநாள் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, "ஆகாயம் இவ்வளவு நீலமாகவா இருந்தது?" என்று கேட்டவர் அவர். புரை விழுந்த கண்ணின் வில்லை பழுத்து மஞ்சளாகிவிடும்; நீலம் அதில் மங்கிப் போகும்; எடுத்ததும் திரும்ப வரும். இந்தத் தடவை வியாதி வில்லையில் இல்லை, உள்ளே விழித்திரையின் நடுப்பகுதியில். வயோதிகத்தால் அது தேய்ந்து வருகிறது. தேய்ந்ததைப் புதுப்பிக்க மருந்து இல்லை என்று வைத்தியர் நிதானமாகச் சொன்னார். எழுத்தும் முகங்களும் போகும்; ஓரப் பார்வை நிற்கும்; ஆகையால் வீட்டுக்குள் நடமாட்டம் நின்றுபோக வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

பிறகு நம்மைத் தனியே அழைத்து அவர் சொன்னதுதான் சகல தீர்மானங்களையும் புரட்டிப் போட்டது. இவ்வித நோயில் நிறத்தைவிட முதலில் குறைவது, ஒரு பொருளை அதன் பின்னணியிலிருந்து பிரித்தறியும் சக்தி. வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கதவு, வெளிர் தரையில் வெளிர்ப் படி, வெள்ளைப் பீங்கானில் வெள்ளைச் சாதம், இவையெல்லாம் அவர்களுக்கு இல்லாத பொருள்கள். பளபளப்பான தரை இருக்கவே கூடாது. விளக்கொளி அதில் பட்டுக் கண் கூசும். வாழையிலையில் சாதம் போட்டால் நன்றாகத் தெரியும் என்று வைத்தியர் சொன்னபோது, சில மாதங்களாகத் தாயார் 'தட்டு வேண்டாம், இலை நறுக்கிப் போடு' என்று மருமகளிடம் கேட்டு வந்தது நினைவுக்கு வந்தது. எதற்கென்று அவர் சொல்லவில்லை. வாரப் பத்திரிகையைப் பேத்தியிடம் நீட்டி, "எழுத்தைப் பொடிப்பொடியாகப் போடுகிறான்கள், நீயே வாசி" என்பதும் அந்தக் காலத்திலிருந்துதான். யாரையாவது பார்த்துப் பேசும்போது முகத்தைச் சற்று ஒரு பக்கம் திருப்பிக் கொள்வார். புதிதாய் வருகிறவர்கள் கோபமென்று நினைப்பார்கள். நடுவில் விழும் நிழலைத் தள்ளிவிட்டு ஓரத்தால் பார்க்கிறார்.

அன்றிரவு சாம்பல் வெள்ளையைப் பற்றிப் புதல்வி பேச்செடுக்கவில்லை. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு காகிதத்தில் வீட்டின் படம் போட்டாள். எங்கெங்கே படி, எங்கெங்கே வாசற்படி, எங்கெங்கே மின்சார விசை என்று குறித்தாள். மொத்தம் பதினான்கு இடம் வந்தது. அவற்றில் ஒன்பது இரண்டாங்கட்டில். இரவில் தாயார் எழுந்து போகிற வழி அதுவே.

ஒவ்வொரு படியின் விளிம்பிலும் நாலு அங்குலத்துக்கு மஞ்சள் பட்டை அடித்துவிடலாம் என்று நாம் யோசனை சொன்னோம். ரயில்வே பிளாட்பாரத்தில் அப்படித்தான் இருக்கிறது, எல்லோருக்கும் தெரிகிறது. மேஸ்திரி அளவு எடுக்கும்போது தாயாரும் ஊஞ்சலில் இருந்தார்.

"என்ன அளக்கிறார்?" என்றார்.

சொன்னோம்.

"வீட்டுக்குள்ளே மஞ்சள் கோடா? வருகிறவர்கள் எதற்கென்று கேட்பார்களே, என்னடா சொல்லப் போகிறாய்?"

பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்: "இந்த வீட்டுக் கிழவிக்குக் கண் போய்விட்டது என்று படிக்குப் படி எழுதிவைக்க வேண்டாம். நான் எண்ணித்தான் நடக்கிறேன். முற்றத்துக்கு இரண்டு, தாழ்வாரத்துக்கு ஒன்று, கிணற்றங்கரைக்கு மூன்று. போ, வேறு வேலை பார்."

மேஸ்திரி அளவுக்கோலை மடக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அன்றைக்கு வேலை ஓடவில்லை. மறுநாளும் ஓடவில்லை. கூலி மட்டும் ஓடிற்று.

வழி கண்டது நமது மனைவி. அவள் அதை யோசனை என்று சொல்லவே இல்லை. மூன்றாம் நாள் காலை காபி கொடுக்கும்போது, "அம்மா, உங்கள் மாமியார் காலத்தில் கூடத்தில் எவ்வளவு உயரத்துக்குக் காவி இருந்தது?" என்று சாதாரணமாகக் கேட்டாள். அவ்வளவுதான். ஊஞ்சல் நின்றது. ஒரு முழமா, ஒன்றரை முழமா என்ற கேள்வியில் தொடங்கி, காவியில் பசை எவ்வளவு சேர்ப்பார்கள், எந்தச் செட்டியார் கடையில் காவிக்கல் வாங்குவார்கள், வெள்ளிக்கிழமைதோறும் வாசற்படியிலும் முற்றத்துப் படிகளிலும் விளிம்பில் காவிப் பட்டை இட்டுப் பக்கத்தில் மாக்கோலம் இழுப்பது எப்படி என்பது வரை ஒரு மணி நேரம் சொன்னார். "என் மாமியார் போனபிறகு யார் செய்தார்கள்? எல்லாவற்றுக்கும் சிமென்டைப் பூசிவிட்டீர்கள்" என்று முடித்தார்.

"இந்தத் தடவை போட்டுவிடலாமே" என்றாள் மனைவி.

"போட்டால் லக்ஷணமாகத்தான் இருக்கும்" என்றார் தாயார்.

மேஸ்திரிக்கு ஆள் அனுப்பினோம். கூடத்தின் ஒரு சுவரில் இரண்டடிச் சதுரமாக ஐந்தாறு இடங்களில் நிறங்களைப் பூசிப் பார்த்தார். இந்தப் பரீட்சையை வர்ணம் அடிக்கப் போகிற யாரும் தவிர்க்கக் கூடாது. விசிறியில் கட்டைவிரல் அகலத்தில் சாதுவாகத் தெரிகிற நிறம் நாலு சுவரில் ஏறினால் ஒன்றோடொன்று பிரதிபலித்து இரண்டு பங்கு உக்கிரமாகிவிடும். மாம்பழ மஞ்சள் காலையில் முற்றத்து வெளிச்சத்தில் அழகாக இருந்தது, மத்தியானம் பலாப்பழமாயிற்று, இரவு எல்.இ.டி. விளக்குப் போட்டதும் பச்சையோட்டம் கண்டு வாடிப் போயிற்று. நிறம் சுவரில் பாதிதான் இருக்கிறது. மற்றப் பாதி வெளிச்சத்தில் இருக்கிறது. வெளிச்சத்தில் இல்லாத நிறத்தைச் சுவர் எங்கிருந்து திருப்பிக் கொடுக்கும்?

காவிக்கு வேறொரு பரீட்சை. புர்க்கின்யே என்ற செக் விஞ்ஞானி, இருட்டிக்கொண்டு வரும்போது பூக்களில் சிவப்பு முதலில் கறுத்துப் போவதையும் நீலம் பிந்தி மறைவதையும் கவனித்துச் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே எழுதினார். மங்கலான வெளிச்சத்தில் நமது கண் சிவப்புக்கு மந்தமாகிவிடுகிறது. அப்படியானால் அந்தி வேளையில் காவிப் பட்டை தெரியுமா? விளக்கை அணைத்துவிட்டு நின்று பார்த்தோம். வெளிர்ச் சிமென்டுப் படியில் அது கறுத்துப் போய் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. நாம் திருப்தியோடு இரண்டாங்கட்டுக்கும் அதையே சொல்லப் போன சமயத்தில், ஊஞ்சலிலிருந்து தாயார் குரல் கொடுத்தார். "இரண்டாங்கட்டில் கடப்பைக் கல்லடா. கறுப்பிலே காவி எப்படித் தெரியும்? அங்கே வெள்ளைக் கோடு இழுக்கச் சொல். இழைக் கோலம் மாதிரி இரட்டைக் கோடாக."

யாருக்குத் தெரியவேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு தீர்மானங்கள் மளமளவென்று நிறைவேறின. கூடத்துக்கு நீலம் சிட்டிகை போட்ட சுண்ணாம்பு வெள்ளை. அடியில் ஒரு முழம் காவி. நிலைகளிலும் கதவுகளிலும் பல வருஷமாகப் பூசிவந்த வர்ணத்தைக் கழற்றியபோது அடியில் தேக்கு மரம் கருகருவென்று இருந்தது. அதற்கு எண்ணெய் மட்டும் தேய்த்தோம். இப்போது வெள்ளைச் சுவரில் கதவு எங்கே இருக்கிறதென்று தெருவிலிருந்தே தெரிகிறது. மின்சார விசைப் பலகைகள் எல்லாம் வெள்ளை. அவற்றைச் சுற்றிப் புதல்வி மேஸ்திரியிடம் சொல்லி இரண்டு விரல் அகலத்துக்குக் காவிக் கட்டம் போடச் செய்தாள். பளிங்கு ஓடு வாங்குவதற்கு ஒதுக்கிய பணம் மிஞ்சிற்று என்று எழுத ஆசைதான். ஆனால் கழற்றுகிற கூலி அதை விழுங்கிவிட்டது.

கழற்றுவதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய வீடுகளின் ஜன்னல் கம்பிகளிலும் கதவுகளிலும் உள்ள எனாமல் வர்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும். பச்சையிலும் மஞ்சளிலும் சிவப்பிலும் அதிகம். வீட்டு வர்ணத்தில் பத்து லக்ஷம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதியை நமது சர்க்கார் 2016-இல் வெளியிட்டு, 2017 நவம்பர் முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்திய வர்ணத்துக்கு யார் ஜவாப்தாரி? உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி வீடெல்லாம் படியும். தவழ்கிற குழந்தை கையைத் தரையில் வைத்து வாயில் வைக்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. நமது தங்கை கைக்குழந்தையோடு வருவதாக எழுதியிருந்தாள். ஆகையால் தண்ணீர் தெளித்து நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், கீழே விரித்த தாளோடு சுருட்டி எடுத்துவிட வேண்டும் என்று வற்புறுத்தினோம். மேஸ்திரிக்கும் அவர் ஆட்களுக்கும் மூக்கு மூடி வாங்கிக் கொடுத்தோம். "முப்பது வருஷமா இதைத்தான் சார் மூக்கிலே இழுக்கிறேன்" என்று சிரித்தார். மூடியைப் போட்டுக்கொண்டார், முகவாய்க்கட்டையில். தினம் காலையில் அதை மேலே ஏற்றச் சொல்வது நமது உத்தியோகமாயிற்று. வகுப்பிலும் அதுதானே செய்கிறோம்?

மாம்பழ மஞ்சள் சமையலறைக்குப் போயிற்று. அங்கே கிழக்கு ஜன்னல். காலை வெளிச்சத்தில்தான் வேலை. நமது மனைவிக்குப் பரம திருப்தி. மாடியறை புதல்விக்கு. அங்கே அவள் இஷ்டப்படி சாம்பல் நிறம் அடித்தாயிற்று. வெறும் சாம்பல் அல்ல, லேசாக நீலம் ஓடுகிற சாம்பல். நமக்கு எந்த அறை, எந்த நிறம் என்று யாரும் கேட்கவில்லை. ரசீதுகளின் நிறம் நமக்கு, அவை இளஞ்சிவப்பு.

வேலை முடிந்த அன்று சாயங்காலம் மேஸ்திரி கணக்குத் தீர்த்துக்கொண்டு போனபின், தாயார் இரண்டாங்கட்டு வரை ஒரு முறை போய்வந்தார். சுவரைப் பிடிக்கவில்லை; எண்ணிக்கொண்டு போனாரா, பார்த்துக்கொண்டு போனாரா என்பது அவருக்கே வெளிச்சம். திரும்பி வந்து ஊஞ்சலில் உட்கார்ந்து, காவி இன்னும் ஒரு கை போட்டிருக்கலாம் என்றார். பிறகு பேத்தியைக் கூப்பிட்டார்.

"மாடிக்கு நான் ஏறி வரமுடியாது. உன் அறைக்கு என்ன நிறம் அடித்திருக்கிறாய், சொல்லு."

புதல்வி விசிறியிலிருந்த இங்கிலீஷ் பெயரைச் சொல்ல வாயெடுத்து, சிறிது யோசித்தாள்.

"மழை வருவதற்கு முன்னாலே ஆகாயம் ஒரு மாதிரி இருட்டிக்கொண்டு வருமே, அந்த நிறம் பாட்டி."

தாயார் முகத்தை ஒரு பக்கம் திருப்பி அவளைப் பார்த்தார்.

"அப்படியானால் கொடியிலே காய்கிற துணியை முதலில் எடுத்து உள்ளே போடு" என்றார்.